பெரியவளின் விசில்

பெரியவளைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் வந்து கேட்டபோது, நாலு போதாது என்றுதான் சின்னவளுக்கு முதலில் தோன்றியது. அத்தனை வருஷத்து வார்த்தைகளும் உள்ளே முட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் மைக்கில் சொல்லக்கூடியவை எத்தனை தேறும் என்பதுதான் சந்தேகம்.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். அண்ணன் எஞ்சின் டிரைவர். தம்பி அதே ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு. ரயில் என்றால் ஊர் எஞ்சினைத்தான் பார்க்கும். கடைசிப் பெட்டி வருவதற்குள் கேட்டில் நிற்கிறவன் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்துவிடுவான். பெரியவளை எல்லாரும் 'டிரைவரம்மா' என்றார்கள். சின்னவளை 'டிரைவரம்மாவோட ஓரகத்தி' என்றார்கள். இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு வயிறு எரிய என்ன வேண்டும்?

பெரியவள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. ரயில்வே குடியிருப்பின் சங்க மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பெருசுகள் எல்லாம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்போகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலப் பாசஞ்சர் மண்டபத்துக்குப் பின்னால் வளைவில் திரும்பும்போது, அந்தக் காலத்தில் டிரைவர் தன் மனைவிக்கென்று ஊதிய அதே விசிலை, இரண்டு குட்டை ஒரு நீளம், அவள் நினைவாக ஊதப்போகிறார்களாம். பெரியவளின் மகனும் எஞ்சின் டிரைவர்தான். இன்று வண்டி ஓட்டும் சிநேகிதனிடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தான்.

அதைக் கேட்டதும் சின்னவளுக்குக் காதில் புகை வந்தது. போய்ச் சேர்ந்த பிறகுமா இவளுக்கு விசில்? இன்று மைக் கைக்கு வரட்டும், அந்த விசில் பெண்டாட்டிக்கு ஊதியதே இல்லை, ரூலுக்கு ஊதியது என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் அவள் தலை சீவினாள்.

பெரியவள் ரயிலிலேயே பிறந்தவள் என்று சொன்னாலும் தப்பில்லை. தாத்தா தண்டவாளம் பார்க்கும் கேங்மேன், அப்பா தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன், அம்மா லெவல் கிராசிங்கில் கேட் திறந்து மூடியவள். சரக்கு வண்டி மட்டும் நிற்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில் வீடு. வண்டி போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் ஆடும். டம்ளர் ஆடாத வீட்டில் தனக்குத் தூக்கமே வராது என்று அவள் பெருமையடிப்பாள். பள்ளிக்கூடத்துக்குச் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டு போய் வந்தவள். வண்டி வராத நாளில் பள்ளிக்கூடமும் கிடையாது. எட்டாவதுக்கு மேல் படிக்காததற்கு ரயில் தாமதம்தான் காரணம் என்று கூசாமல் சொல்வாள், கேட்கிறவர்களும் நம்புவார்கள்.

சின்னவளோ துணிக்கடைக் குடும்பத்துப் பெண். கல்யாணம் ஆகி வந்த புதிதில், ஆண்கள் பேச்சில் 'அப் வண்டி', 'டவுன் வண்டி' என்று அடிபடுவதைக் கேட்டு ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள்.

"மேட்டுல ஏறிப் போனா அப், பள்ளத்துல இறங்கினா டவுனா அக்கா?"

வண்டி போகும் திசைக்குத்தான் அப்படிப் பெயர், மேடு பள்ளத்துக்கு அல்ல. பெரியவள் சிரித்த சிரிப்பு குழாயடி வரைக்கும் போனது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அதைக் குடத்தோடு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதற்கப்புறம் வருஷக்கணக்காக, சின்னவள் கடைக்குக் கிளம்பினால் எதிரே வருகிறவர்கள் "என்னம்மா, மேடா பள்ளமா?" என்று விசாரித்தார்கள். அன்று விழுந்த விரிசல் அது.

அதற்காகப் பெரியவளை ஒன்றுமில்லாதவள் என்று சொல்லிவிட முடியாது, அதுதான் கொடுமை. ஆண்கள் வேலைக்கு எடுத்துப் போகும் தகரப் பெட்டியில் கொடி, விளக்கு, மாற்றுத்துணி, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். சின்னவள் அடுக்கினால் மூடியின் மேல் உட்கார்ந்துதான் பூட்ட வேண்டும். பெரியவள் அடுக்கினால் மூடி தானாக விழும். "அண்ணி அடுக்கினா இன்னொரு துண்டுக்கு இடம் இருக்கும்" என்று சின்னவளின் புருஷனே ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று அவருக்கு உப்பில்லாத சாப்பாடு.

குழாயடிச் சண்டை எதுவானாலும் பெரியவள் போய் நின்றால் அடங்கிவிடும். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாய் நிற்பாள். வேலைநிறுத்தம் வந்தபோது பெண்களைத் திரட்டிக்கொண்டு எஞ்சின் ஷெட் வாசலில் போய் உட்கார்ந்தவள் அவள்தான். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பெரியவளின் முகம் முழுசாக, கோபமாக, அழகாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு ஒரு முழங்கை மட்டும் கிடைத்தது. அது தன் முழங்கைதான் என்பதையே அவள் சத்தியம் செய்து நம்பவைக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம்கூடச் சின்னவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது அந்த விசில்.

சாயங்காலப் பாசஞ்சர் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன் குடியிருப்புக்குப் பின்னால் பெரிய வளைவில் திரும்பும். அங்கே வரும்போது டிரைவர் ஊதுவார். இரண்டு குட்டை, ஒரு நீளம். உடனே பெரியவள் செய்துகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பின்கட்டுப் படியில் வந்து நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பாள்:

"எங்க வீட்டுக்காரர் கூப்பிடுறார். வெந்நீர் வைக்கணும்!"

அதென்ன அந்தக் குரல்! எதிர் வரிசைப் பெண்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கொடுத்து வைத்தவள் என்பார்கள். சின்னவளின் வீடு வரிசையில் கடைசி. அவள் அடுப்படி ஜன்னல் நேராக வளைவைப் பார்த்தபடி இருந்தது. மேலே கீல் வைத்த மரப்பலகை ஜன்னல் அது. பலகையைத் தூக்கிக் குச்சியை முட்டுக்கொடுத்தால் திறந்து நிற்கும், குச்சியை எடுத்தால் விழுந்துவிடும். விசில் கேட்ட மாத்திரத்தில் சின்னவள் குச்சியைப் பிடுங்குவாள். பலகை டமார் என்று விழும். அந்தச் சத்தம் பெரியவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே விழும்.

"ஏன்டி எப்பப் பார்த்தாலும் ஜன்னலை இப்படிச் சாத்துற?"

"தூசி வருதுக்கா."

பெரியவள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

விசில் ஏன் ஊதுகிறார்கள் என்பதைச் சின்னவள் ஒருநாள் புருஷனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கார்டு அதிகம் பேசாத மனிதர். மூன்று கேள்விக்கு ஒரு பதில்தான் வரும், அதுவும் அரைகுறையாக. வளைவைத் தாண்டி ஒரு கேட் இருக்கிறது, அதற்காக வளைவில் விசில் பலகை நட்டிருக்கிறார்கள், அந்தப் பலகையைக் கண்டால் எந்த டிரைவரும் ஊதியே ஆக வேண்டும் என்றார். சின்னவளுக்கு அன்று சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது. பெண்டாட்டியாவது, அழைப்பாவது! இதைத்தானா இவள் படியில் நின்று பீற்றிக்கொள்கிறாள்? உடனே சொல்லிவிடவில்லை. நல்ல சமயம் வரட்டும் என்று பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

பிறகு கேட்டுக்குப் பதில் மேம்பாலம் கட்டினார்கள். கேட்டை மூடிவிட்டார்கள். ஒருநாள் காலையில் கேங்மேன்கள் வந்து விசில் பலகையைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனதைச் சின்னவள் தன் ஜன்னல் வழியாகவே பார்த்தாள். ஓடிப்போய் அவர்களை நிறுத்தி, யாரும் கேட்காமலேயே எல்லாருக்கும் டீ கொடுத்தாள். இனி விசில் கிடையாது. அவள் படியில் வந்து எதை அறிவிப்பாள் என்று பார்ப்போம்!

சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாசஞ்சர் வந்தது. வளைவில் திரும்பியது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

அன்று ஜன்னல் பலகை விழுந்த வேகத்தில் ஒரு கீல் கழன்று போனது.

அதற்குப் பிறகு தினமும் வந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளெல்லாம் சின்னவளுக்குக் கொண்டாட்டம். அநேகமாக அன்றைக்கெல்லாம் கார்டுக்கும் ஓய்வு நாளாக இருக்கும், வீட்டிலேயே இருப்பார். வேறொரு கார்டு வண்டியோடு போயிருப்பார். சின்னவள் டீயைக் கொடுத்துக்கொண்டே சொல்வாள்:

"இன்னைக்கு விசிலைக் காணோமே. உங்க அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டைபோல."

கார்டு செய்தித்தாளுக்குப் பின்னால் சிரிப்பார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சண்டை என்றே முடிவு செய்துவிட்டாள். ஊதிய நாட்களுக்கு வெறும் கைப்பழக்கம் என்று பெயர் வைத்தாள். இப்படி இரண்டு பக்கமும் கட்டிப் போட்ட பிறகும் வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்து வண்டி எங்கேயோ தடம் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அடிபட்டது யார், பிழைத்தது யார் என்று ஒன்றும் தெரியவில்லை. சின்னவள் அடுப்பைப் பற்ற வைக்கக்கூடத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பெரியவள் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு அழற? கவிழ்ந்தா முதல்ல கவிழ்றது எஞ்சின்தான். உன் ஆளு கடைசியில இருக்கார். உனக்கு ஒண்ணும் ஆகாது, எழுந்திரு."

சின்னவளுக்கு அழுகை நின்றுவிட்டது. இவள் தன் புருஷன் முதலில் சாவான் என்று சொல்லியல்லவா என்னைத் தேற்றுகிறாள் என்று நினைத்தாள். அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தார்கள். எல்லாம் சரியான பிறகு, மறுபடி புகைய ஆரம்பித்தது. பயப்படுவதில்கூட அவளுக்குத்தானே முதல் இடம்!

வயசானது. கார்டு முதலில் போனார், எப்போதும்போலச் சத்தமில்லாமல். பிறகு டிரைவர். விசில் நின்று போய் வெகு காலம் ஆகிவிட்டிருந்தது, ஆனால் பெரியவள் மட்டும் அதை விடவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டு படுக்கையில் விழுந்த பிறகும் பார்க்க வருகிறவர்களிடம் விசில் கதைதான். பக்கத்தில் உட்கார்ந்து மருந்தைக் கலக்கிக்கொண்டே சின்னவள் அதை நூறாவது தடவையாகக் கேட்பாள். கதை முடியும் இடத்தில் பெரியவள் ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பாள். படுத்த படுக்கையிலும் என்ன கொழுப்பு என்று சின்னவள் ஸ்பூனைச் சத்தமாகத் தட்டுவாள்.

இப்படியாகத்தான் சின்னவள் அன்று மண்டபத்துக்கு வந்தாள். மேஜையில் பெரியவளின் படம் இருந்தது, அந்தச் செய்தித்தாள் படத்தைப் பெரிதாக்கியது. ஓரத்தில் முழங்கையை வெட்டிவிட்டிருந்தார்கள்.

வயிறு பற்றிக்கொண்டு எரியும்போதே பெரியவளின் மகன் வந்து, "சித்தி, ஒரு நிமிஷம்" என்று பக்கத்து அறைக்கு அழைத்துப் போனான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தான். அவன் முகத்தில் ஏதோ ஒரு சங்கடம்.

"அந்த விசிலைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எனக்குத் தெரியாததா? பலகைக்காக ஊதுனது. அப்புறம் உங்கப்பாவோட கைப்பழக்கம்."

"பலகை இருந்த வரைக்கும் பலகைக்காகத்தான். எடுத்த அன்னைக்குச் சித்தப்பா அப்பாகிட்ட வந்து கேட்டாராம். 'போர்டு போச்சுன்னு நிறுத்திடாதேண்ணே, எனக்காக ஊது'ன்னு."

சின்னவளுக்குப் புரியவில்லை. கார்டா? எதையும் கேட்காத மனிதரா?

"வளைவுல திரும்புறப்போ வண்டி முழுசா வருதான்னு கார்டு எட்டிப் பார்க்கணுமில்ல, அப்ப உங்க ஜன்னல் தெரியுமாம். விசில் கேட்டதும் பலகை விழுமாம். சிக்னல் கைகாட்டி இறங்கி வழி விடுற மாதிரி. 'விசில் கொடுத்தா கைகாட்டி இறங்குதுண்ணே. அவளுக்குக் கேட்டுடுச்சுன்னு அர்த்தம். பின்னாடி என்கிட்ட கொடிதானே இருக்கு, அவளுக்குக் கேட்கிற விசில் உன்கிட்டதானே இருக்கு'ன்னாராம். சித்தப்பா வண்டியில இருக்கிற நாள்ல மட்டும்தான் அப்பா ஊதுவார். அவர் இல்லாத நாள்ல ஊதமாட்டார்."

சின்னவள் மனசுக்குள் அந்த நாட்களை எண்ணிப் பார்த்தாள். விசில் வராத நாளெல்லாம் அவர் வீட்டில்தான் இருந்தார். செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் ஜன்னலைப் படாரென்று சாத்தியிருக்கிறாள். ரயில்காரனுக்கு எது கீழே விழுந்தாலும் வழி விட்டதாகத்தான் அர்த்தம்போல. வைதது அத்தனையையும் அவர் பதில் என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்.

"அவர் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னே நினைச்சுட்டு இருந்தாராம். நீங்கதான் தினமும் பதில் கொடுத்தீங்களே!"

"உங்கம்மாவுக்கு?"

மகன் தலையைச் சொறிந்தான்.

"தெரியும். அப்பா அப்பவே சொல்லிட்டார். ஆஸ்பத்திரியில இருக்கிறப்போதான் அம்மா என்கிட்ட சொன்னாங்க. சித்திகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மான்னேன். 'சொன்னா அவ தலைகால் தெரியாம ஆடுவா. நான் இருக்கிற வரைக்கும் அது என்னோடதா இருந்துட்டுப் போகட்டும், அப்புறம் கொடுத்துடு'ன்னாங்க."

அடி பாவி! உன் புருஷன் ஊதியதை, என் புருஷன் கேட்டு ஊதியதை, படியில் நின்று உன்னுடையதாக்கி ஊருக்குப் பறையறைந்தாயே! அந்த ஓரக்கண் பார்வை எதற்கென்று இப்போது புரிந்தது. பெரியவளுக்கும் எரிந்திருக்கிறது. படியில் நின்று கத்தின ஒவ்வொரு நாளும், அது பொய் என்று தெரிந்தே கத்தியிருக்கிறாள். சின்னவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டையும் ஒரே முந்தானையால் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

பழைய பாயின்ட்ஸ்மேன் ஒருவர் அவளைப் பேச அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார். சின்னவள் தொண்டையைச் செருமினாள். அப்போது வளைவில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

எல்லாரும் எழுந்து படத்தைப் பார்த்து நின்றார்கள். சின்னவள் மட்டும் மைக்கை மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வளைவைப் பார்த்திருந்த ஜன்னல் பக்கம் போனாள். வண்டி முழுசும் திரும்பி, கடைசிப் பெட்டி கண்ணில் படும்வரை பொறுத்தாள். பிறகு ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள். மண்டபமே அதிர்ந்தது.

"கேட்டுச்சுங்க" என்றாள்.

"என்னம்மா?" என்றார் பாயின்ட்ஸ்மேன்.

"தூசி வருதுன்னேன்."

பின் வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பாவம், அக்கா விசிலைக் கேட்டுத் தாங்க முடியலை. அவ மேல உயிரையே வச்சிருந்தா" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

சின்னவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. செத்த பிறகும் தட்டிக்கொண்டு போகிறாளே! திரும்பி வந்து மைக்கை எடுத்தாள். அது என் விசில், என் புருஷன் எனக்காகக் கேட்டு வாங்கிய விசில் என்று சொல்ல வாயைத் திறந்தவள் கூட்டத்தைப் பார்த்தாள். சொன்னால் இவர்கள் சந்தோஷப்படுவார்கள். கை தட்டுவார்கள். ஐயோ அப்படியா என்று கன்னத்தில் கை வைப்பார்கள். ஒருத்திக்காவது வயிறு எரியுமா? இந்த மண்டபத்தில் ஒருத்திக்கும் எரியாது. அதைக் கேட்டால் எரியக்கூடிய ஒரே வயிறு இந்த உலகத்தைவிட்டே போய்விட்டது. யாரிடம் போய் இதைச் சொல்லி ஜெயிப்பது?

படத்தில் பெரியவள் கோபமாக, அழகாக இருந்தாள்.

"அக்கா இப்ப இங்க இருந்திருக்கணும்" என்றாள் சின்னவள். மைக்கைப் பாயின்ட்ஸ்மேன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மண்டபத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.